இடது பக்கக் கிங் பின்

ஓட்டைக்கு நேராக ஓட்டை இருக்கிறதா என்று இருதயராஜ் மூன்றாவது தடவையாகப் பார்த்தார். இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? அவரேதான் சாக்பீஸால் கோடு கிழித்து, கோட்டோடு கோடு சேர்த்து, மெல்ல மெல்லத் தட்டி இறக்கியிருக்கிறார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, நாலாவது தடவையும் குனிந்தார். புஷ் என்கிற பித்தளைக் குழலில் ஒரு துளை, அதைப் பிடித்திருக்கிற இரும்பில் ஒரு துளை. இரண்டும் நேருக்கு நேர் நின்றால் கிரீஸ் உள்ளே போகும். நிற்காவிட்டால் போகாது. இவ்வளவுதான் சங்கதி, பள்ளிக்கூடம் போகாதவனுக்குக்கூடப் புரியும். திண்டுக்கல்லில் நாற்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மனுஷன், பழைய வண்டி என்றால் மதுரையிலிருந்துகூடத் தேடி வருகிற மனுஷன், இதை நாலு தடவை குனிந்து பார்க்கிறார் என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கிறானே, அதுதான் சங்கடம். வாசலில், கவிழ்த்துப் போட்ட லாரி டயர்மேல், முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் சூசை. செத்துப்போன தங்கச்சி சகாயத்தின் புருஷன். ஒன்பதரைக்கு வந்தான். “மச்சான், ஒரு வார்த்தை பேசணும்” என்றான். “இந்தக் கிங் பின்ன ஏத்திட்டு வந்துர்றேன் மாப்ள, உக்காருங்க” என்று சொல்லிவிட்டார் இவர். பாதியில் போட முடியாத வேலை ஒன்றும் இல்லை. காலையில் போட்டுவிட்டு மத்தியானம் எடுத்தால் கிங் பின் கோபித்துக்கொள்ளாது. இப்போது மணி பதினொன்று. அவனும் எழுந்து போகவில்லை, இவரும் எழுந்து போகவில்லை.

என்ன பேச வந்திருக்கிறான் என்பது தெரியாமல் இருந்தால்தானே. புதன்கிழமை ரெஜினாவுக்குக் கல்யாணம். நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கல்யாண அறிவிப்பு, அந்த மூன்றாவது ஓலையும் கூறியாயிற்று. சாமியார் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, மூன்று வாரமாக அதே குரலில் அதே வரி: சூசை, காலஞ்சென்ற சகாயமேரி இவர்களின் மகள் ரெஜினா. பத்தொன்பது வருஷமாக அந்தப் பிள்ளை ‘மாமா மாமா’ என்று இவர் வீட்டில்தான் வளர்ந்தது. காய்ச்சலுக்குக் கண்விழித்தது இவர் பெண்டாட்டி லீமா, சைக்கிள் பிடித்துப் பழக்கியது இவர், காலேஜில் சேர்க்க வரிசையில் நின்றது இவர். ஆனால் கோயில் புத்தகத்துக்கு அதெல்லாம் தெரியுமா? ஞானஸ்நானப் பதிவில் எவன் பேர் இருக்கிறதோ அவன் பேரைத்தான் வாசிக்கும். முதல் வாரம் அந்தப் பேர் காதில் விழுந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஜினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது சொன்னாள்: “மாமா, அந்தாளு பீடத்துக்கிட்ட வரக்கூடாது. நீங்கதான் என்னையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். எங்கம்மாவக் கொன்னவரு கையப் பிடிச்சுட்டு நான் நடக்க மாட்டேன்.” இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் ஊற்றாமலேயே பிசைந்தார் என்று லீமா பிறகு சிரித்தாள். ஓலை முடிந்ததும் சாமியார் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. கல்யாணத்துக்குத் தடை எதுவும் இவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தது ஒன்று இருந்தது. மூன்று வாரமும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார், சத்தமாக.

ரீமரை எடுத்தார். புஷ்ஷின் உள்பக்கத்தைப் பின்னுக்குத் தக்கபடி சீவி எடுக்கிற கருவி அது. கிங் பின் என்பது வேறொன்றுமில்லை, முன் அச்சின் முனையில் நெட்டுக்குத்தலாக நிற்கிற கட்டை விரல் மொத்த இரும்பு ஆணி. அதைப் பிடித்துக்கொண்டுதான் சக்கரம் இடமும் வலமும் திரும்பும். புஷ்ஷுக்குள் அது எண்ணெயில் வழுக்கிக்கொண்டு இறங்கவும் வேண்டும், விட்டால் பொத்தென்று விழவும் கூடாது. அரைச் சுற்று, எடு, ஊது, பின்னை விட்டுப் பார். பித்தளைத் தூள் தங்கப்பொடியாட்டம் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. பித்தளை வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் நிற்கிற அந்தக் கசப்பு வாசனை. வண்டி கண் டாக்டருடையது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷத்து ஆஸ்டின். முன்சக்கரம் இரண்டும் கிழவன் பல்லாட்டம் ஆடுகிறது என்று கொண்டுவந்து விட்டார். ரெஜினா ஒருநாள் டிபன் கேரியரோடு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, கோயிலுக்கு இதுலதான் மாமா போவேன்” என்றாள். டாக்டரும் தாராள மனசுக்காரர். “ஆட்டத்த மட்டும் சரி பண்ணிட்டு நீங்களே ஓட்டிட்டுப் போங்க, நம்ம வீட்டுப் பிள்ளதானே” என்றுவிட்டார். ஆக, புதன்கிழமை காலையில் இந்த வண்டியில், இவர் ஏற்றின கிங் பின்னில், இவர் பக்கத்து சீட்டில், அவள் உட்காருவாள். இடது பக்க சீட்டில். சகாயமும் இடது பக்க சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அரைச் சுற்று, எடு, ஊது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் இடது பக்கக் கிங் பின்தான். சூசையின் வேன், வாடகைக்கு ஓடுகிற வேன். மாசி மாசம், தபசு காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. நாளைக்கு விபூதிப் புதன், நாற்பது நாளைக்குக் கவுச்சி கிடையாது என்று சகாயம் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்கு வாளியில் எடுத்து வந்திருந்தாள். கூடவே ஐந்து வயசு ரெஜினா, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு. சூசை கிரீஸ் கையோடு பிள்ளையைத் தூக்கப் போனான், “அந்தக் கையோட தொட்டீங்க, ராத்திரிக்குக் கஞ்சிதான்” என்று அவள் விரட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். இவர் கீழ்ப் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அண்ணே, சாப்பிட்டுட்டு அடிங்கண்ணே, ஆறிப்போகுது.” “இந்த ஒண்ண அடிச்சுட்டு வந்துர்றேன் தாயீ.” அவ்வளவுதான். அவ்வளவேதான். கோடு கிழிக்கவில்லை. சாக்பீஸ் பக்கத்தில்தான் கிடந்தது, கை நீட்டினால் எட்டும். மேல் புஷ்ஷுக்குக் கிழித்தார், கீழ்ப் புஷ்ஷுக்குக் கிழிக்கவில்லை. நாலு அடி, உள்ளே போய்விட்டது. கருவாட்டுக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, மாங்காய் போட்டிருந்தாள். சாப்பிட்டு வந்து பின்னை ஏற்றி, கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகாமல், அது ஏறுகிற நிப்பிள் வாயிலேயே பிதுங்கிக்கொண்டு வருகிறது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? புது நிப்பிள், சரியாகக் கவ்வவில்லை என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லி, வழிந்ததைக் கழிவுத் துணியால் துடைத்துவிட்டார். துடைத்தது இந்தக் கைதான். மேலே போட்டால் கீழே இறங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னமோ. அன்றைக்கு என்ன நினைத்தார் என்பதே இப்போது ஞாபகமில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. வயிறு நிறைந்திருந்தது, பிள்ளை டயருக்குள் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது, யார் என்ன நினைப்பார்கள்?

பிறகு சூசை ஒருநாள் வந்து சொல்லவும் சொன்னான். “மச்சான், ஸ்டியரிங் கனமா இருக்கு, லெஃப்ட்ல ஒடிச்சா திரும்பி வர மாட்டேங்குது.” “புதுப் பின்னு மாப்ள, இறுக்கமாத்தான் இருக்கும். ஓடஓடச் சரியாப் போகும்.” சொன்னது பொய்யில்லை. புதுப் பின் இறுக்கமாகத்தான் இருக்கும், ஓடஓடத் தளரும், எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான். பொய்யில்லாத வார்த்தை என்ன வேலை செய்துவிட்டது பாருங்கள். கிரீஸ் இல்லாத பின் ஓடஓடத் தளராது, ஓடஓடக் கடிக்கும். சித்திரை கடைசியில் சிறுமலையிலிருந்து இறங்கும்போது, பதினோராவது வளைவில், இடது பக்கம் ஒடித்த சக்கரம் திரும்பி வரவில்லை. பலாமரம். வேனின் இடது பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. சூசைக்கு நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான். சகாயம் திண்டுக்கல் வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைக்கட்டோடு சூசை இவர் காலைப் பிடித்துக்கொண்டான். “திருப்பினேன் மச்சான், திரும்பல. ரெண்டு கையாலயும் திருப்பினேன், திரும்பல.” அவன் மூச்சில் முந்தின ராத்திரி நாற்றம் இருந்தது, சொந்தக்காரன் வீட்டில் குடித்தது, காலையிலும் போகாமல் நின்றது. இவர் சொன்னார், வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்: “குடிச்சவனுக்கு எந்த ஸ்டியரிங்டா திரும்பும்?” அதோடு விட்டாரா? கல்லறைத் தோட்டத்தில், குழி மூடுவதற்கு முன்னால், சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கன்னத்தில் அறைந்தார். அறைந்த சத்தம் காதில் இன்னும் இருக்கிறது. சனம் மொத்தமும் ‘அண்ணன்னா இப்படி இருக்கணும்’ என்று பேசியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைத் தூக்கி அவன் தலையில் வைத்தது இந்த வாய். ஆனால் அன்றைக்கு இவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மாதா சாட்சியாக அன்றைக்குத் தெரியாது. அதை மட்டும் யாரும் இவரிடமிருந்து பிடுங்க முடியாது.

பின் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கட்டை விரலால் அமுக்கினால் இறங்குகிறது, விட்டால் நிற்கிறது. சரி. இதற்குமேல் சீவினால் கெட்டுப்போகும். இதற்குமேல் சீவுவதற்கு ஒன்றுமில்லை என்பதில் இவருக்கு ஒரு வருத்தம் வந்தது, கேட்டால் சிரிப்பீர்கள். வேலை முடிந்துகொண்டே வருகிறது. வாசல் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். சூசை அசையவில்லை. வெங்காயப் பேட்டையில் மூட்டை அடுக்குகிற வேலை, தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. லைசென்ஸ் போனது, ஒரு வருஷம் ஜெயிலில் கிடந்தான், வெளியே வந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சொட்டுக்கூடக் குடிப்பதில்லை. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறான் இன்றைக்கு, மடிப்புக் கலையாமல். எப்போது தெரியும் இவருக்கு? இங்கேதான் எப்போதும் இடறும். இவர் கணக்குப்படி, முதலில் பிள்ளையைக் கூட்டி வந்தார், பிறகுதான் வேனைப் பிரித்தார். ஆக, பிள்ளையைக் கூட்டி வந்தபோது நல்லெண்ணத்தில்தான் கூட்டி வந்தார், குடிகாரனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றினார். நல்ல வரிசை. பத்தொன்பது வருஷமாக இந்த வரிசையில் வைத்துத்தான் தூங்கப் போவார். ஆனால் தகரம். வேனைப் பிரித்த அன்றைக்குக் கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது, ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. அது ஆடிக் காற்று. பிள்ளையைக் கூட்டி வந்தபோது அதற்கு மொட்டைத் தலை, சந்தனம் காயாத மொட்டை. ஜாமீனில் வந்திருந்த சூசை வேளாங்கண்ணித் திருநாளுக்கு நடந்தே கூட்டிப்போய் முடி இறக்கிக் கொண்டுவந்திருந்தான். வேளாங்கண்ணித் திருநாள் செப்டம்பர் எட்டு. ஆடி முதலிலா, செப்டம்பர் முதலிலா? காலண்டரை எந்தப் பக்கம் புரட்டினாலும் ஆடிதான் முதலில் வருகிறது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வேனை விட்டார்கள், காயலான் கடைக்குப் போடுமுன் முன் அச்சைக் கழற்றுவோம் என்று இவர் உட்கார்ந்தார். வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், பிரேக் சரி என்று எழுதினார். முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தபோது புஷ்ஷை யார் பார்க்கப் போகிறார்கள்? பின் வரவில்லை. சம்மட்டியால் அடித்தும் வரவில்லை. சூடு காட்டி அடித்துத்தான் எடுத்தார். எடுத்துப் பார்த்தால் பின் நீலம் பாரித்து, பித்தளையைக் கடித்து, எலி கரண்டின மாதிரி. துளை எங்கே? கால் வட்டம் தள்ளி நின்றது. இரும்புத் துளைக்கு நேராக வெறும் பித்தளைச் சுவர். அந்தச் சுவரில் இவர் அன்றைக்கு அழுத்தின கிரீஸ் ஒரு பொட்டு மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலே தகரம் அடித்துக்கொண்டது. அழுதாரா என்றால் இல்லை. முதலில் செய்தது என்ன தெரியுமா? எழுந்து போய் ஷட்டரை இறக்கினார். யாரும் பார்த்துவிடக் கூடாதே. அடுத்த வாரம் அந்தப் புஷ்ஷைப் பழைய பித்தளையோடு பித்தளையாகப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஆறு வாரம் கழித்து, சந்தனம் பூசின மொட்டையோடு பிள்ளை இவர் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்தது. சூசை குறுக்கே நிற்கவில்லை. “எங்கிட்ட வேணாம் மச்சான், நீங்களே வளங்க. எனக்கு அருகதை இல்ல” என்று ஒரு பையில் அதன் கவுனையெல்லாம் மடித்துக் கொடுத்தான். அவன் அப்படிச் சொன்னபோது இவர் தெரிந்தவர். எல்லாம் தெரிந்தவர். வாயைத் திறக்காமல் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். சாமி, இதைத்தான் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு, கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்பார். பொய் சொன்னேன் என்பதற்குள் எல்லாம் அடக்கம்தானே! மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லுவார் சாமியார். பத்தொன்பது வருஷத்துக்கு ஐம்பத்தேழு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இவ்வளவு மலிவாக எங்கேயும் கிடைக்காது.

சக்கரம் மாட்டுகிற அந்தக் கனத்த முனையைத் தூக்கி, அச்சின் கண்ணுக்கு நேராக நிறுத்தி, இடுக்கில் பேரிங் வட்டைச் செருகி, மேலிருந்து பின்னை விட வேண்டும். மூன்று கை வேண்டிய வேலை. இவருக்கு இரண்டுதான். முட்டி சிராய்ந்து ரத்தம் வந்தது. இரண்டு தடவை வட்டு நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை விழவில்லை, வேறொரு கை அதைப் பிடித்திருந்தது. வெங்காயத் தோல் வாசனை அடிக்கிற கை. சூசை எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அந்த முனையை ஏந்திப் பிடித்திருந்தான். “விடுங்க மச்சான், நான் தாங்கிக்கிறேன். நீங்க பின்ன விடுங்க.” “சட்ட அழுக்காகுது மாப்ள.” “ஆகட்டும்.” பின் இறங்கியது. மேல் புஷ், அச்சின் கண், கீழ்ப் புஷ். தலையும் தலையும் முட்டுகிற தூரம். சூசையின் நெற்றியில் அந்த நாலு தையலின் தழும்பு, நரைத்த முடிக்குள் பாதி ஒளிந்துகொண்டு. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் இவர் பார்த்ததில்லை. “மூணு வாரமும் ஓலை கூறினாங்கள்ல, வெளிய வேப்பமரத்தடியில நின்னு கேட்டேன் மச்சான்” என்றான் சூசை, அச்சைப் பார்த்துக்கொண்டே. “எம் பேர மைக்குல வாசிச்சாங்க. வாசிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.” இவர் பூட்டு ஆணியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. “பாப்பாவுக்கு என்னையக் கண்டா ஆகாதுன்னு தெரியும். பந்திக்கெல்லாம் வரல. கடைசி பெஞ்சுல ஒரு ஓரமா உக்காந்துட்டு, தாலி கட்டினதும் போயிர்றேன். நீங்க சரின்னா வாரேன். அதக் கேக்கத்தான் வந்தேன்.”

சரி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வேலையும் முடிந்தது, வந்தவனும் போய்விடுவான், புதன்கிழமை இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு ரெஜினாவின் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு நடப்பார். கடைசி பெஞ்சைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஆணியை விட்டு அடித்தார். பின்னில் உள்ள வெட்டில் அது போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறியது. கிரீஸ் கன்னை மாட்டினார், அழுத்தினார். ஒன்று, இரண்டு. எதிர்ப்பு இல்லை. உள்ளே போகிறது. ஆறாவது அழுத்தலில் கீழே விளிம்பைச் சுற்றி ஒரே சீராக ஒரு வளையம் வந்து நின்றது, மேலேயும் வந்தது. அன்றைக்கு இதைப் பார்க்காமல்தானே துடைத்தாய், பாவி! சூசை அந்த வளையத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான், சும்மா பேச்சுக்குச் சொல்வது போல: “நல்லா ஏறுது. அப்பல்லாம் நான் என்ன சொல்லுவேன், ஸ்டியரிங் திரும்பல திரும்பலன்னு. வக்கீல்கிட்டகூடச் சொன்னேன். பொறவு யோசிச்சுப் பாத்தேன் மச்சான். ஜெயில்ல யோசிக்கறதுக்கு நேரம் கெடக்கே. கண்ணசந்துருக்கேன். ராத்திரிக் குடிச்ச அசதி. திருப்பினதா கனாக் கண்டுருப்பேன். இல்லாட்டி நம்ம மச்சான் கைபட்ட வண்டி எப்படித் திரும்பாமப் போகும்?” இவர் கிரீஸ் கன்னைக் கீழே வைத்தார். இவர் வாயால் சொன்ன பொய்யை அவன் ஊரிலிருந்து வாங்கி, ஜெயிலில் வைத்து, தன் ஞாபகமாகவே ஆக்கிக்கொண்டு விட்டான். அவனுடைய இரண்டு கையையும் அவனிடமிருந்தே திருடியாயிற்று.

“கனா இல்ல மாப்ள” என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. “நீங்க திருப்பினீங்க. அது திரும்பல. கீழ்ப் புஷ்ஷு. ஓட்டைக்கு நேரா ஓட்டைய வைக்காம அடிச்சுட்டேன். கிரீஸே போகல. பின்னு கடிச்சுருச்சு. நாந்தான். என் தங்கச்சிய நாந்தான் கொன்னேன்.” சொல்லி முடித்தபோது ரோட்டில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சூசை எழுந்திருக்கவில்லை. மண்டி போட்டபடியே, உள்ளங்கையில் இருந்த கிரீஸை இன்னொரு உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் தேய்த்தான். பிறகு கேட்டான்: “எப்பத் தெரியும் உங்களுக்கு?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம் அவன். “ஆடியில. வண்டியப் பிரிச்சப்ப.” “ஆடியில” என்றான் சூசை. உதடு அசைய எதையோ எண்ணினான். “அப்ப பாப்பா எங்கிட்ட இருந்தாளே மச்சான். வேளாங்கண்ணி போனமே. தோள்லயே தூக்கிட்டுப் போனனே.” இவர் அவன் காலைத் தொடக் குனிந்தார். அவன் காலை இழுத்துக்கொண்டான், கோபமாக இல்லை, கூச்சப்பட்டவன் மாதிரி. “அடிங்க மாப்ள. ரெண்டு அடியாவது அடிங்க” என்று இவர் கெஞ்சினார். அறுபத்திரண்டு வயசுக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “இன்னிக்கே ரெஜினாகிட்டச் சொல்லிர்றேன். இப்பவே வீட்டுக்குப் போவோம், வாங்க. நீங்கதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். நான் வெளிய வேப்பமரத்தடியில நிக்கிறேன். இல்ல, வரவே இல்ல.”

சூசை தலையை ஆட்டினான். “வேணாம்.” “மாப்ள...” “வேணாங்கறேன்ல.” குரல் முதல்தடவையாக உயர்ந்தது. “நாளன்னிக்குக் கல்யாணம். அவளுக்கு ஒரு அப்பன் ஏற்கெனவே செத்த மாதிரி. இருக்கற ஒருத்தரையும் இன்னிக்கு நீங்க கொன்னு போட்டுட்டா, அவ யாரு கையப் பிடிச்சு நடப்பா? எங்கையையா? எங்கைய அவளுக்குத் தெரியவே தெரியாதே. பொறந்தநாளுக்கு நான் கொடுத்துவிட்ட மிட்டாயக்கூட வாங்க மாட்டேனுட்டா. ஒரு நாள்ல என்னைய அப்பான்னு கூப்பிடுவாளா? கூப்பிட்டாலும் அது எனக்கா, இல்ல உங்கமேல உள்ள கோவத்துக்கா?” மூச்சு வாங்கியது அவனுக்கு. “நீங்களே கூட்டிட்டுப் போங்க. நல்லா நிமிந்து நடங்க. மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நடந்தீங்கன்னா போட்டோவுல அப்படியே விழும், அவ ஆயுசுக்கும் அதப் பாத்துட்டு இருக்கணும். பொறவு எப்பச் சொல்லணும், சொல்லணுமா வேணாமான்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தெறக்கக்கூடாது. இத்தன வருசம் உங்களுக்காகத் தெறக்காம இருந்தீங்கள்ல, இனி எனக்காக இருங்க.” இதைவிட அவன் ஒரு அறை அறைந்திருக்கலாம். வாங்கிக்கொண்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டு, கணக்குத் தீர்ந்தது என்று ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். இப்போது நிமிர்ந்து நடக்க வேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு, ரோஜாப்பூக் குத்திக்கொண்டு, ஆர்மோனியம் வாசிக்க வாசிக்க, ‘பெத்த அப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டான்’ என்று சனம் காதுபடப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இவர் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார்.

சூசை எழுந்தான். வெள்ளைச் சட்டையின் வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்துவிட்டு இவர் கழிவுத் துணியை நீட்டினார், அவன் வாங்கவில்லை. “கடைசி பெஞ்சுக்குச் சரின்னு சொன்னீங்களா இல்லையா?” என்றான். “சரி மாப்ள.” “அப்பச் சரி.” வாசல்வரை போனான். வெயில் கொளுத்தியது, மணி பன்னிரண்டரை இருக்கும். டயருக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த செருப்பை ஒவ்வொன்றாக மாட்டினான். மாட்டிவிட்டும் போகவில்லை. ரோட்டைப் பார்த்தபடி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் லேசாகக் குலுங்குகிற மாதிரி இருந்தது.

“மச்சான்” என்றான், திரும்பாமல். “நெசமாவே நான் திருப்பினேன்ல?”

“திருப்பினீங்க மாப்ள.”

“ரெண்டு கையாலயும்?”

“ரெண்டு கையாலயும்தான்.”

சூசை தன் இரண்டு கையையும் முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு, வெயிலில் கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி நின்றான். பிறகு வெங்காயப் பேட்டை இருக்கிற பக்கமாக நடந்து போனான்.